பேஸ்டன்களின் பூர்வீகம்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், கடலோரமாக பேஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே கிளமென்ட் பேஸ்டன் என்ற விவசாயி ஏர் ஓட்டிப் பிழைத்தார். நூறு, நூற்றிருபது ஏக்கர் நிலம். அதிலும் பெரும்பகுதி அடிமைப் பாத்தியதை. தானிய மூட்டையைச் சேணமில்லாத குதிரை மீது போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து ஆலைக்குப் போவார். மனைவி பண்ணையடிமையாகப் பிறந்தவர். கடன் வாங்கித்தான் மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பினார்.

இதெல்லாம் 15ஆம் நூற்றாண்டில் யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த குறிப்பு. எழுதியவர் அந்தக் குடும்பத்துக்கு வேண்டாதவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஏளனம் மட்டும் அல்ல நோக்கம். பண்ணையடிமையின் சொத்து எஜமானருடையது என்பது அன்றைய சட்டம். தாத்தா அடிமை என்று நிரூபித்தால் பேரனின் சொத்து முழுவதும் கைவிட்டுப் போகலாம்.

சொத்தும் கொஞ்சநஞ்சம் இல்லை. தாய்மாமன் ஒரு வக்கீல். அவர் தயவில் சட்டம் படித்த வில்லியம், 1429இல் நீதிபதியானார். மேனர் மேனராக வாங்கிப் போட்டார். மேனர் என்றால் வெறும் நிலமல்ல. குடியானவர்கள், அவர்கள் தரும் வாரம், அவர்களை விசாரிக்க ஒரு சொந்தக் கோர்ட் எல்லாம் சேர்ந்தது. கிரெஷாம் மேனரை அவருக்கு விற்றவர் கவிஞர் சாசரின் மகன்.

வில்லியம் 1444இல் இறந்ததும் வில்லங்கம் தலைதூக்கியது. பழைய பாத்தியதை இருப்பதாகச் சொல்லி 1448இல் மோலின்ஸ் பிரபு கிரெஷாமைப் பிடித்துக்கொண்டார். வில்லியமின் மகன் ஜான் வழக்குக்காக லண்டனில். ஊரில் நின்று சமாளித்தது மனைவி மார்கரெட். குறுக்கு வில்லும் அம்பும் வாங்கி அனுப்பச் சொல்லிக் கணவருக்கு எழுதிய கடிதத்திலேயே ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரையும் கேட்டிருக்கிறார்! 1450இல் பிரபுவின் ஆட்கள் அவர் இருந்த அறையின் சுவரைத் தோண்டி, அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள். வந்தவர்கள் ஆயிரம் பேர் என்பது ஜானின் மனு சொல்லும் கணக்கு. மனுக்களில் எண்ணிக்கை பெருகுவது வழக்கம்தான்.

அடுத்து வந்தது இன்னும் பெரிய சொத்து. கேஸ்டர் கோட்டையின் சொந்தக்காரர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் 1459இல் வாரிசில்லாமல் இறந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லாவற்றையும் தனக்கே எழுதி வைத்ததாக ஜான் ஓர் உயிலைக் காட்டினார். சந்தேகப்பட ஆள் பஞ்சமா? அடிமை வம்சம் என்ற பேச்சு உச்சத்துக்குப் போனது அப்போதுதான். 1465இல் ஜான் சிறைப்பட்டார், 1466இல் இறந்தார்.

அதே ஆண்டு அவர் பிள்ளைகள் நான்காம் எட்வர்ட் அரசர் முன் பத்திரங்களையும் கோர்ட் சுருள்களையும் பரப்பினார்கள். பிரான்சிலிருந்து வந்த உல்ஸ்டன் என்பவரே தங்கள் மூலபுருஷர் என்றார்கள். அதைவிட முக்கியமான சான்று வேறு: நினைவுக்கெட்டாத காலம் முதல் தங்கள் முன்னோருக்கே அடிமைகள் இருந்தார்களாம். அடிமையல்ல என்று காட்ட அடிமை வைத்திருந்ததைக் காட்டினார்கள். அரசர் ஏற்றுக்கொண்டு, பேஸ்டன்கள் பிறப்பால் கனவான்களே என்று அறிவித்தார்.

இன்று வம்சாவளி ஆராய்பவர்கள் இந்த மாதிரி கதைகளை நம்புவதில்லை. அவர்களுக்குக் கைகொடுப்பது வேறு ஆவணங்கள். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், உள்ளூர் ஜூரியைக் கூட்டி என்ன நிலம், என்ன மதிப்பு, வாரிசு யார், வயதென்ன என்று எழுதி வைத்தார்கள். 13 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது. மேனர் கோர்ட் சுருள்களில் குடியானவர் பெயரும் உண்டு. இப்படிப் பார்த்தால் உல்ஸ்டன் கற்பனை என்றே படுகிறது. விரோதி வரைந்த கிளமென்ட்தான் நிஜத்துக்கு நெருக்கம்.

அரசரின் அறிவிப்பும் முழுக் காவலாக இல்லை. 1469இல் நார்ஃபோக் டியூக் முற்றுகையிட்டுக் கேஸ்டரைப் பறித்தார். அவர் இறந்த பிறகு, 1476இல்தான் அது பேஸ்டன்களுக்குத் திரும்பியது. பின்னாளில் குடும்பம் யார்மத் பிரபுக்களாகவும் உயர்ந்தது. கடைசிப் பிரபு 1732இல் இறந்தபோது பட்டத்துக்கு வாரிசும் இல்லை, கடனுக்கு அளவும் இல்லை. மிஞ்சியது கடிதக் கட்டுகள். பாதாமும் அம்பும் 1787 முதல் அச்சேறத் தொடங்கின.