போலந்து பாஷையும் நார்வே பாஷையும் நமது 'வாடா, போடா'வும்

பாஷைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பண்டிதர்களுடைய வேலை, அதில் நமக்கென்ன இருக்கின்றது என்று கேட்பவர்கள் உண்டு. பண்டிதர்கள் அந்த வேலையை எழுத்தோடும் வேற்றுமை உருபோடும் நிறுத்திக் கொள்ளுகிறபடியால்தான் நாம் அதில் தலையிட வேண்டியிருக்கின்றது.

ஐரோப்பாவில் போலந்து, நார்வே என்று இரண்டு தேசங்கள் இருக்கின்றன. இரண்டின் பாஷைகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் கிளைகள் வேறு. மூக்கைப் போலந்துக்காரர் 'நோஸ்' என்கிறார். நார்வேக்காரர் 'நேசெ' என்கிறார். அந்த மட்டில் உறவு தெரிகின்றது. மற்றபடி ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. போலந்து பாஷையில் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை. நார்வே பாஷையில் அந்தத் தொல்லை அநேகமாய் ஒழிந்து போயிற்று. வினைச்சொல்லுக்கும் அங்கே விகுதி மாறுவதில்லை. நான் வருவதற்கும், நீ வருவதற்கும், ராஜா வருவதற்கும் 'கொம்மர்' என்கிற ஒரே சொல்தான்.

இது நிற்க. எதிரில் நிற்கும் மனிதனை இவ்விரு ஜனங்களும் எப்படி அழைக்கிறார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

போலந்தில் 'பான்' என்று ஒரு சொல். பிரபு, எசமான் என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் அது நிலப்பிரபுக்களுக்கே உரியதாயிருந்தது, குடியானவனுக்குக் கிடையாது. நாளடைவில் அது பரவி, பழக்கமில்லாத எந்த ஆணுக்கும் 'பான்', எந்தப் பெண்ணுக்கும் 'பானி' என்றாகிவிட்டது. 1921-ம் வருஷத்து அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை ஒழித்தது, சொல்லை ஒழிக்கவில்லை. பின்னால் ஏற்பட்ட பொதுவுடைமை ஆட்சியார் 'பான்' என்பதற்குப் பதிலாக வேறொரு சொல்லைப் புகுத்தப் பார்த்தும் அது ஜனங்களிடம் செல்லவில்லை. கடவுளுக்கும் அங்கே 'பான்'தான். மூட்டை தூக்குகிறவருக்கும் 'பான்'தான். இந்த ஒரு விஷயத்திலாவது கடவுள் மூட்டை தூக்குகிறவருக்குச் சமமாக்கப்பட்டது நமக்குத் திருப்தியே.

நார்வேக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். பிரபுத்துவத்தை 1821-லேயே சட்டத்தால் ஒழித்துவிட்டார்கள். இருந்தாலும் பெரியவர்களுக்கும் அந்நியர்களுக்கும் 'டி' என்ற மரியாதைச் சொல்லும், நெருங்கியவர்களுக்கு 'டூ' என்ற ஒருமைச் சொல்லும் நெடுங்காலம் இருந்தன. 1960, 1970-ம் வருஷங்களையொட்டி ஒரே தலைமுறைக்குள் 'டி' அநேகமாய் மறைந்தது. இன்று மாணாக்கன் வாத்தியாரையும், தொழிலாளி முதலாளியையும் 'டூ' என்கிறார்கள். ராஜாவைக் கண்டால் மட்டும் பழைய சடங்குச் சொல் இருக்கிறது, அது போகட்டும்.

ஆகவே, ஒரு தேசத்தார் மரியாதையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மற்றொரு தேசத்தார் எல்லோரிடமிருந்தும் எடுத்தார்கள். வழி இரண்டானாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

இனி நமது யோக்கியதையைப் பார்ப்போம். வா, வாரும், வாருங்கள். வந்தான், வந்தார் என்று தமிழில் மரியாதைக்கு எத்தனை படிகள் பாருங்கள், இதுவே நமது நாகரிகத்தின் உயர்வு என்று பண்டிதர்கள் பெருமை பேசுகிறார்கள். படிகள் இருப்பது வாஸ்தவந்தான். எந்தப் படியில் யார் நிற்பது என்று தீர்மானிப்பது எது? வயதா, அறிவா, ஒழுக்கமா? சேத்தியாத்தோப்பைச் சுற்றி வெள்ளாற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. விளைவிக்கிற கிழவருக்கு வயது அறுபது. வரப்பின் மேல் நிற்கிற மிராசுதார் வீட்டுப் பையனுக்கு வயது பத்து. பையன் 'அடேய், வாடா' என்பதும், கிழவர் 'சின்ன எசமான்' என்பதும் நமது ஜில்லாக்களில் நெடுங்காலம் நடந்த சங்கதி. இன்றும் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல எவருக்கும் தைரியமிராது. மலையாளத்திலோ புலையர் 'நான்' என்றே சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தார்கள்.

இது இலக்கணம் விதித்ததென்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் வந்ததே தவிர இலக்கண முறையன்று என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. புறநானூற்றில் புலவர்கள் அரசர்களை நேருக்கு நேர் 'நீ' என்றே பாடியிருக்கிறார்கள். பரிசிலும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நம்மவர்கள் சும்மா இருந்து விடவில்லை. 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விடத் தீர்மானித்தார்கள். 1932 முதல் 'ஸ்ரீ', 'மகா-௱-௱-ஸ்ரீ' எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் 'தோழர்' என்ற சொல்லைப் பரப்பினார்கள். 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, தாழ்த்தப்பட்டவரைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். ஆனால் பெயருக்குப் பின்னாலிருந்த வால் போயிற்றே தவிர, வினைச்சொல்லுக்குப் பின்னாலிருக்கும் வால் போகவில்லை. மேடையில் 'தோழர்களே' என்று முழங்கிவிட்டு, இறங்கினதும் டீக்கடைப் பையனையும் துப்புரவுத் தொழிலாளியையும் 'அடேய்' என்று கூப்பிடுகிறவர்கள் நமக்குள்ளேயே இல்லையா என்று கேட்கிறோம்.

பழக்கமாயிற்றே, என்ன செய்வது என்பார்கள். நார்வேக்காரருக்கு 'டி' பழக்கமில்லாமலா இருந்தது? எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடச் சொல்கிறீர்களா என்று சிலர் பயப்படுவார்கள். அவர்களுக்கு அது கசந்தால் போலந்து வழி இருக்கவே இருக்கின்றது: எல்லோரையும் 'வாங்க' என்று கூப்பிடட்டும். நமது தமிழுக்கு இதுவே சுலபம் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் உயர்ந்த சொல் ஏற்கனவே எல்லோர் வாயிலும் இருக்கின்றது. அதைக் கொடுக்கும் ஆள் கணக்கைத்தான் அதிகமாக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். எந்த ஜாதியானாலும் நம் புருஷர்கள் பெண்சாதியை 'ஏடி, வாடி' என்கிறார்கள். பெண்சாதியோ 'அவுங்க, வாங்க' என்கிறாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போலந்திலும் நார்வேயிலும் புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். பேரையும் தாராளமாகச் சொல்கிறார்கள். அதனால் அங்கே எந்தப் புருஷனுக்காவது ஆயுள் குறைந்ததாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை.