ஆண் ஹார்மோன் சிகிச்சை: நீங்கிய அச்சமும் நீங்காத அபாயமும்

புது தில்லி: ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் சிகிச்சை மாரடைப்புக்கு வழிவகுக்குமா என்ற நெடுநாள் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துள்ளது. ஆனால், அந்த விடையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

முதியோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இதயப் பாதிப்புகள் மிகுந்ததால் இடையிலேயே கைவிடப்பட்ட விவரம் 2010-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் குறித்து மருந்தின் விவரச்சீட்டில் எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் உத்தரவிட்டது.

2023-இல் வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வு நிலைமையை மாற்றியது. இதயநோய் உள்ள அல்லது அதற்கான வாய்ப்பு மிகுந்த 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை ஹார்மோன் பெற்றவர்களில் 7 சதவீதத்தினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. இதையடுத்து 2025-இல், இதய அபாயம் குறித்த கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்க அந்நிர்வாகம் முடிவெடுத்தது. அதேவேளையில், ரத்த அழுத்தம் உயரும் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

அதே ஆய்வில், ஹார்மோன் பெற்றவர்களிடம் சீரற்ற இதயத் துடிப்பு, நுரையீரல் ரத்தக்கட்டு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. எலும்பு முறிவும் அதிகம் என்பது 2024-இல் தெரியவந்தது. மேலும், பங்கேற்ற அனைவரும் ஹார்மோன் குறைபாடு பரிசோதனையில் உறுதியானவர்கள். 45 வயதைக் கடந்தவர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்க ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞருக்கு இந்த முடிவு பொருந்தாது. வெளியிலிருந்து செலுத்தப்படும் ஹார்மோன் விந்தணு உற்பத்தியை ஒடுக்கும் என்பதால், தந்தையாக விரும்புபவருக்கு அது நேர் எதிரான பலனையே தரும்.

விரை அல்லது பிட்யூட்டரி சுரப்பி நோயால் குறைபாடு உள்ளவர்களுக்கு இம்மருந்து அவசியமானது. அவர்களுக்கு அதை மறுப்பதும் தவறு.

இந்தியாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. மருந்து விதிகளின் 'எச்' அட்டவணைப்படி மருத்துவர் சீட்டின்றி இதை விற்கக் கூடாது. ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமோ விளையாட்டுத் துறையினருக்கானது. சாதாரண இளைஞரை அது எட்டாது.

மருந்துகள் பொதுப்பட்டியலில் உள்ளன. கடைகளுக்கு உரிமம் வழங்குவது மாநிலங்கள். எனவே, கண்காணிப்புப் பொறுப்பை மத்திய அரசும் மாநிலங்களும் ஒன்றன்மீது ஒன்று சுமத்தித் தப்பிக்க இயலாது.