தேக்கு யவனச் சொல்லோ?

தேக்கு மரத்துக்குத் தாவர நூலார் வழங்கும் இலத்தீன் பெயர் 'தெக்டோனா கிராண்டிஸ்' என்பது. இதன் முதற்சொல், தச்சனைக் குறிக்கும் 'தெக்டோன்' என்னும் யவனச் சொல்லின் வழியது எனச் சில நூல்கள் எழுதிச் செல்கின்றன. அதுகொண்டு நம்மவருட் சிலரும் 'தேக்கு' என்னும் பெயரே யவனர் தந்தது என்பாராயினர். அக்கூற்றுப் பொருந்தாமையை ஈண்டுக் காட்டுவாம்.

இரு சொற்கும் ஒலி ஒக்கும். தச்சர்க்கு உகந்த மரமாதலின் பொருளும் ஒக்குமன்றோ எனின், அற்றன்று. ஒப்புமை ஒன்றே பிறப்புக்குச் சான்றாகாது. வழக்கின் வரலாறும் வேண்டும். தெக்டோனா என்னும் பெயரை இளைய லின்னேயசு வெளியிட்டது 1782-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, 1763-இல், பிரெஞ்சு நாட்டு அதான்சன் இம்மரத்தின் இனத்துக்குத் 'தேக்கா' எனப் பெயரிட்டிருந்தார். அதனினும் முன்னர், 1683-இல் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நான்காம் தொகுதியில் இம்மரம் 'தேக்கா' என்றே படத்தொடு காட்டப்பட்டது. ஒல்லாந்தராகிய வான் ரீடு தொகுப்பித்த அந்நூலுக்கு மலையாள மருத்துவர் இட்டி அச்சுதன் முதலியோர் மரஞ்செடிகளின் செய்தியை உரைத்தனர். அந்நாட்டார் நாவில் வழங்கிய சொல் யவனச் சொல்லாதல் யாங்ஙனம்? போர்த்துக்கீசியரின் 'தேக்கா'வும், அவர்வழி வந்த ஆங்கிலரின் 'டீக்'கும் அதன் திரிபே. அகநானூற்றிலும் தேக்கு என்னும் பெயர் பயில்கின்றது.

இளைய லின்னேயசு தச்சனை நினைந்தே அவ்வடிவு அமைத்தார் எனினும், அது புதுப்பெயரின் கோலமேயன்றித் தேக்கின் பிறப்பாகாது. பிற்காலத் தாவர நூலார் பெயர்விதியில் விலக்களித்துத் தெக்டோனாவைக் காத்து, முந்திய தேக்காவைத் தள்ளினர். வழக்கை நிலைபெறுத்தும் அவ்விதி வரலாற்றை மாற்ற வல்லதன்று.

இனி, எண்ணெய்ப் பசையைத் தன்னகத்தே தேக்கி வைத்தலால் தேக்காயிற்று எனத் தமிழ்ப்பற்று மேலிட்டுக் கூறுவாரும் உளர். அவரும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றினாராதலின், அவர்க்கும் மேற்கூறிய விடையே விடையாம். சொற்பொருட் காரணம் எளிதின் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் துணிபு. மா, பலா முதலிய மரப்பெயர்களை உரையாசிரியர் இடுகுறி என அமைத்தமையும் அறிக.

பெயர்க்காரணம் அறியாமை இழுக்கன்று. பெயரிட்டாரை மறைத்தலே இழுக்கு. காட்டகத்தே மரத்தை ஆய்ந்து அதன் வலியறிந்து வழங்கினார் ஒருசாரார். அவர் சொல்லை ஏட்டில் ஏற்றினார் பிறிதொருசாரார். ஏட்டில் ஏற்றினார்க்கே சொல்லும் உரியது என்று மாணாக்கர்க்குக் கற்பித்தல் அறமாகுமா? பாடநூல் எழுதுவோர் இவ்வொரு வரியையேனும் திருத்திக்கொள்வாராக.