ஓடையோரம் கூடாரம் போட இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டது நல்ல காரியம். உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆனால், இரவு கூடாரத்தில் தங்க விரும்பும் சென்னைப் புறநகரான தாம்பரம், சேலையூர்க் குடும்பங்களுக்கு இன்னும் வழியில்லை. அதனால் இளைஞர்கள் அனுமதியில்லாத இடங்களைத் தேடிப் போகிறார்கள். ஆபத்தே அங்குதான்.

ஓடை மணலில் கூடாரம் அடிப்பது சுகம். ஆனால் மேலே மலையில் பெய்த மழை, இங்கே ஒரு துளியும் விழாமலே வெள்ளமாக இறங்கிவிடும். கரைப் புதர்களில் காய்ந்த சருகும் வைக்கோலும் சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். முன்பு வெள்ளம் வந்த மட்டம் அது. கூடாரம் அதற்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். வெள்ளம் மட்டுமல்ல, தீயும் ஆபத்துதான்: 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைப் பலி வாங்கியதையும் மறக்க முடியாது. கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது.

பாதுகாப்பாகத் தங்க ஒரு வழி உண்டு: செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், பத்துக் கூடாரங்களுக்கு மிகாத ஒரு சிறு முகாமை வனத்துறை அமைக்கலாம். கழிப்பறை, காவலர், மழை எச்சரிக்கை இருந்தால் போதும். வருமானம் மலைக் கிராமத்தாருக்கே போகட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் தீ அபாயக் காலத்திலும் மூடிவிடலாம். சுற்றுலாத்துறையும் வனத்துறையும் கலந்து பேசி, வரும் தை மாதத்துக்குள் அறிவிக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கிழக்கு தாம்பரம்