மண்குதிரையும் பிசியோதெரபியும்

கள்ளக்குறிச்சி பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் மண்குதிரைதான் முதலில் நினைவுக்கு வரும். கல்வராயன் மலை வரை போனாலும் உயிருள்ள குதிரையைப் பார்ப்பது அபூர்வம். அந்த ஊரிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி, "குதிரைக்கும் அதில் சவாரி செய்பவருக்கும் பிசியோதெரபி பார்க்கப் போகிறேன்" என்றால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை இது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிற விஷயமும் இல்லை.

முதலில், அது என்ன வேலை? சவாரி செய்பவருக்கு ஒரு பக்க இடுப்பு இறுகிப்போனால் அவர் தன்னை அறியாமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்காருவார். அந்த எடை குதிரையின் முதுகிலும் ஒரு பக்கமாகவே அழுத்தும். நாளடைவில் குதிரையின் நடை மாறும். குதிரைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் வலி திரும்பி வரும். அதனால்தான் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஜீவன் அது. நடையைப் பார்த்தும் தசையைத் தொட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிரிட்டனில் இது முறையான தொழில். மனிதர்களுக்கான பிசியோதெரபி முடித்தவர்கள் மேற்கொண்டு படித்துவிட்டு, கால்நடை மருத்துவர் அனுப்பும் குதிரைகளைக் கவனிக்கிறார்கள்.

இங்கே? 1984 இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான். மனிதர்களுக்கான பிசியோதெரபி 2021-ல் வந்த வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. ஒருவர் குதிரையைப் பார்க்கலாம், இன்னொருவர் ஆளைப் பார்க்கலாம். இரண்டையும் சேர்க்கும் பாலம் இல்லை. இதைச் சொல்லாமல் "வித்தியாசமான வேலைவாய்ப்பு" என்று ஆசை காட்டினால், அது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கச் சொல்வதுதான்.

அடுத்த கேள்வி, காசு யார் தருவார்கள்? பந்தயக் குதிரை முதலாளிகள் தருவார்கள். ஆனால் 2024 ஜூனில் ஊட்டி பந்தய மைதானத்தையும், செப்டம்பரில் கிண்டி மைதான நிலத்தின் குத்தகையை ரத்து செய்து அதையும் தமிழக அரசு கையில் எடுத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பந்தயத்தை மட்டும் நம்பி ஒரு வாழ்க்கையைத் திட்டமிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மெரினாவிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகளுக்குத்தான் இந்தச் சிகிச்சை அதிகம் தேவை. அன்றாடக் கூலிக்கு அதை நடத்திக்கொண்டு போகிறவரால் கட்டணம் கொடுக்க முடியாது. தேவை இருக்கும் இடத்தில் பணம் இல்லை. சந்தை தானாகச் சரிசெய்யாத இடம் இது. அரசுதான் வர வேண்டும்.

அதற்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னசேலம் தாண்டினால் தலைவாசல். அங்கே 2021-ல் திறக்கப்பட்ட பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. கால்நடை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து படிக்கும் ஒரு வருடப் பயிற்சியை அங்கே தொடங்கலாம். குதிரையோடு ஜல்லிக்கட்டுக் காளை, நாய் என்று சேர்த்தால் படித்தவருக்கு வேலையும் இருக்கும்.

அதுவரை அந்த மாணவிக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. குதிரையைத் தொட ஆசை என்றால் ஐந்தரை வருடக் கால்நடை மருத்துவம் படி. ஆளைக் குணமாக்க ஆசை என்றால் பிசியோதெரபி படி. எதைப் படித்தாலும் குதிரை வராத நாளிலும் அந்தப் படிப்பு சோறு போடும்.