பழைய எண்ணெய் கண்முன் வடியட்டும்

சிங்கப்பூரில் ஒரு காரை உடைமையாகக் கொள்வது எளிதன்று. 1990 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஒதுக்கீட்டு முறைப்படி, காரின் விலையைத் தவிர, அதைப் பத்தாண்டுக் காலம் சாலையில் ஓட்டுவதற்கான வாகன உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுத்தாக வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய ரகக் கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளியையும், பெரிய ரகத்துக்குரியது 150,001 வெள்ளியையும் எட்டியபோது, கார் என்பது இந்நாட்டில் எத்தகைய பெரும் பொருள் என்பதை அதை வாங்க நினையாதவர்களும் உணர்ந்தார்கள். அத்தனை பொருளைச் சொரிந்து பெற்ற யந்திரத்தின் ஆயுளோ, அதன் அடியிலுள்ள கலத்தில் கிடக்கும் ஏறத்தாழ நான்கு லிட்டர் எண்ணெயை நம்பியிருக்கிறது. அந்த எண்ணெயை மாற்றுவது யார், ஊற்றப்படுவது எது, சொல்லியபடியே அது மாற்றப்படுகிறதா என்பவற்றைக் காருடையவர் தம் கண்ணால் கண்டறிய வேண்டும் என்பதும், அதற்கு இடங்கொடாத பணிமனையை நம்பிக்கைக்குரியதாகக் கொள்ளக் கூடாது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

தம் காரின் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொள்வதே விவேகம் என்பாரும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு முற்றத்திலேயே காரை உயர்த்தி வைத்து அதைச் செய்துகொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தன் உடைமையைத் தன் கையால் பேணுவதில் ஒரு நிறைவும், அந்நியர் கையை எதிர்பாராத ஒரு சுதந்திரமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்நாட்டுக் குடிமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். அவர்களுக்கு முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. கழகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் காரைப் பழுதுபார்க்க விதிகள் இடந்தருவதுமில்லை. அந்த விதிக்குப் பின்னே பலரும் எண்ணிப் பாராத வலுவான காரணம் ஒன்று இருக்கிறது.

இத்தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. தெருவோரச் சாக்கடையில் ஓடும் மழைநீர் கழிவுநீர்க் குழாயோடு கலப்பதில்லை; அது கால்வாய்களின் வழியே 17 நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக் குழாயில் குடிநீராக வருகிறது. லிட்டில் இந்தியாவின் விளிம்பில், சுங்கை ரோட்டை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர், காலாங் படுகையை அடைந்து, 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு தேக்கி வைக்கும் நீரோடு ஒன்றாகிவிடுகிறது. சிராங்கூன் சாலையின் சந்தொன்றில் எவரோ ஒருவர் பழைய எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் கவிழ்த்தால், அவர் கவிழ்ப்பது ஊரார் குடிக்கும் நீரில்தான். 1977 முதல் 1987 வரை பத்தாண்டுக் காலம் அரசாங்கம் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவு செய்தபோது, கரையோரத்துக் கொல்லைப்புறத் தொழில்களையெல்லாம் எடுத்துத் தொழிற்பேட்டைகளில் குடியேற்றியதை மூத்த தலைமுறையினர் அறிவர். அவ்வளவு பெருமுயற்சியால் மீட்ட நீரை ஒரு வாளி எண்ணெயால் கெடுப்பது பெரும் அநியாயம். தனி வீட்டில் வசித்துத் தாமே எண்ணெய் மாற்றுவோர் வடித்த எண்ணெயைக் கலத்தில் பத்திரமாக மூடி, அதை ஏற்றுக்கொள்ளும் பணிமனையொன்றில் ஒப்படைத்தாலன்றி, தம் கையால் செய்தோம் என்ற பெருமைக்கு அவர்கள் உரியவரல்லர்.

ஆகவே இந்த ஊரில் நம்மில் மிகப் பலர் மெக்கானிக்கிடம் போய்த்தான் ஆக வேண்டும். போகலாம், ஆனால் அறிந்துகொண்டு போக வேண்டும். எண்ணெய் மாற்றும் வேலை அப்படியொன்றும் மறைபொருளன்று. எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது காரை லிஃப்டில் ஏற்றி, அடியிலுள்ள டிரெயின் நட்டைக் கழற்றினால் பழைய எண்ணெய் தானாக வடிகிறது. அது சொட்டுச் சொட்டாகும் வரை பொறுத்திருந்து, பழைய ஆயில் பில்டரை எடுத்துப் புதியதைப் பொருத்தி, நட்டின் வாஷரையும் மாற்றி, அளவான இறுக்கத்தோடு முடுக்கிய பின்பு, மேலிருந்து புதிய எண்ணெயை ஊற்றி, அளவு பார்க்கும் குச்சியால் சரிபார்க்கிறார்கள். இந்த ‘அளவான இறுக்கம்’ என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. இந்நாளைய எஞ்சின்கள் பலவற்றில் அடிக்கலம் அலுமினியத்தால் ஆனது. அவசரக்காரர் ஒருவர் மிகையாக முடுக்கினால் மரை போய்விடும். பிறகு நாள்தோறும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிந்து, கார் நிற்குமிடமெல்லாம் கறை படியும்.

எண்ணெயின் நிறத்தைக் காட்டிப் பயமுறுத்துவோரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வடிந்த எண்ணெய் கறுத்திருப்பதைச் சுட்டி, “பாருங்கள், எஞ்சினே கெட்டுப்போயிற்று, உள்ளே கழுவ வேண்டும்” என்று சொன்னால் விஷயம் அறியாதவர் கலங்கிப்போவார். உண்மையில், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் ஏந்தி, அது எஞ்சினுக்குள் படியாமல் காப்பதற்கென்றே எண்ணெயில் சில ரசாயனப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகையால் கறுத்த எண்ணெய் பெரும்பாலும் தன் கடமையைச் செய்த எண்ணெயே ஆகும். கவலைப்பட வேண்டிய குறிகள் வேறு: பாலில் காப்பித்தூள் கலந்தாற்போன்ற நிறம் தோன்றினால் தண்ணீர் கலந்திருக்கலாம்; விரலில் தேய்க்கும்போது உலோகத்துகள் தட்டுப்பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. இவற்றைத் தெரிந்துகொள்ளக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. அவ்வாறே எண்ணெய் டின்னின் மேல் காணும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற எண்களின் பொருளையும், அவற்றில் எது தம் காருக்கு உரியது என்பதையும் காரோடு வந்த கையேட்டின் ஒரு பக்கத்தில் எவரும் வாசித்தறியலாம். கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர் அளவே நீளமுள்ள இந்தத் தீவில், குறுகிய பயணங்களும் நெரிசலில் ஊர்ந்து நிற்பதுமே நம் காரோட்டமாதலால், கையேட்டில் ‘கடினமான சூழல்’ என்ற தலைப்பின் கீழ் குறிக்கப்பட்ட எண்ணெய் மாற்றத் தவணையே நமக்குப் பெரிதும் பொருந்தும் என்பதையும் சேர்த்து அறியலாம்.

இவ்வளவும் எதற்கென்றால், நம்பிக்கை என்னும் விஷயத்தை நேராக ஆராய்வதற்காகத்தான். 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. நல்ல நிலையிலிருந்த காரில் ஒரே ஒரு கம்பியை மட்டும் வேண்டுமென்றே கழற்றிவிட்டு, நாடெங்குமுள்ள 347 பணிமனைகளுக்கு அதை ஓட்டிச் சென்றார்கள். 129 பணிமனைகள் கம்பி கழன்றிருப்பதை உள்ளபடி சொல்லி, இலவசமாகவோ அற்பக் கட்டணத்துக்கோ மாட்டிக் கொடுத்தன. மற்றவை இல்லாத பழுதுகளைக் கற்பித்தோ, செய்யாத வேலைக்குக் காசு வாங்கியோ அனுப்பின. பிற்காலத்தில், 1973ஆம் ஆண்டில், மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியல் அறிஞர் இருவர் இந்த அவலத்தின் வேரை எடுத்துக் காட்டினார்கள். வேலை தேவையா என்று சொல்பவரும் அதே வேலையைச் செய்து கட்டணம் வாங்குபவரும் ஒருவராகவே இருந்து, வேலை முடிந்த பின்பும் அது தேவைப்பட்டதுதானா என்பதை வாங்குவோர் அறிய இயலாத நிலை ஏற்படும்போது, ஏமாற்றுவதற்கான தூண்டுதல் அந்த வியாபாரத்தின் அமைப்பிலேயே அமர்ந்துவிடுகிறது. இதில் மெக்கானிக்குகளைத் தனியே பழிப்பதற்கு ஒன்றுமில்லை. மருத்துவரிடமும் இதே நிலைதான் என்று அவ்வறிஞர்கள் எழுதினார்கள்.

இங்கேதான் எண்ணெய் மாற்றத்தின் அருமை புலப்படுகிறது. கியர்பெட்டியைப் பிரித்து, “உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், அதைச் சரிபார்க்கும் சக்தி நம்மில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இராது. எண்ணெய் மாற்றமோ, பணிமனையில் நடக்கும் வேலைகளுள் பாமரரும் முதலிலிருந்து முடிவு வரை பிரத்தியட்சமாகக் கண்டு தீர்மானிக்கத்தக்க வேலை. பழைய எண்ணெய் வடிவது தெரியும். பழைய பில்டரைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். நான்கு லிட்டர் டின்னின் முத்திரை உடைபடுவதைக் காணலாம். சிறிய செலவில், சிறிது நேரத்தில் ஒரு பணிமனையின் நாணயத்தைப் பரீட்சித்தறிய வேறொரு வாய்ப்பு இதைப் போல் அகப்படாது. எண்ணெயில் நேர்மையாக நடந்துகொள்பவரிடம் பிரேக்கை ஒப்படைக்கலாம். பிரேக்கில் நேர்மை கண்டபின் எஞ்சினையே ஒப்படைக்கலாம். நம்பிக்கை இவ்வாறு படிப்படியாக வளர்வதே நியாயம்.

சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் ஊபியிலும் உள்ள பணிமனைகளில், நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வருபவர்களுமாக எத்தனையோ கைதேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், “அண்ணே, பழைய பில்டரைக் கொஞ்சம் காட்டுறீங்களா, டின்னை என் முன்னாடியே திறந்துடுங்க” என்று கேட்டால், வேலை தெரிந்தவர் கோபிப்பதில்லை. “வாங்க, கிட்ட வந்து பாருங்க” என்று அழைத்து, கேளாத ஒன்றையும் சேர்த்துக் காட்டுகிறார். தம் வேலையைப் புரிந்துகொள்ளும் ஒருவர் எதிரே நிற்பதில் அவருக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. கோபிப்பவர் எவரோ, அவரிடம் அடுத்த முறை போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையின் நகைக்கடையில், தராசை நம் பக்கம் திருப்பாமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்து வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் சம்மதிப்போமா? தங்கத்துக்கு உள்ள சம்பிரதாயம், ஒரு லட்சம் வெள்ளிச் சான்றிதழோடு ஓடும் காருக்கு ஏன் இருக்கக் கூடாது?

பணிமனைக்குள் வாடிக்கையாளரை அனுமதித்தால் விபத்து நேரும், காப்புறுதி இடங்கொடாது என்று சொல்வார்கள். இது உண்மையான காரணந்தான். லிஃப்டின் அடியில் எவரும் நிற்க வேண்டாம். ஆனால் மஞ்சள் கோட்டுக்கு அப்பாலிருந்து பார்க்கவும், கண்ணாடிச் சுவர் வழியே பார்க்கவும், அதற்கும் வசதியில்லையெனில் வேலை நடப்பதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பவும் தடையென்ன? குளிரூட்டிய அறையில் காப்பி கொடுத்து உட்கார வைப்பதை உபசாரம் என்று ஏற்றுக்கொண்டு, காரின் திசையையே பாராமல் பத்திரிகை வாசித்துவிட்டு, பில்லில் கையெழுத்திட்டுத் திரும்பும் வழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஐந்து வெள்ளி குறைவென்று கடைக்குக் கடை அலைந்து, அடிமாட்டு விலைக்கு எண்ணெய் மாற்றக் கேட்பவர்கள், டின்னுக்குப் பதிலாகப் பெரிய டிரம்மிலிருந்து இன்னதென்று தெரியாத எண்ணெயை ஊற்றும் பணிமனைகளைத் தாமே உண்டாக்குகிறார்கள். டிரம் எண்ணெய் யாவும் கெட்டதன்று. அதை நாம் சரிபார்க்க முடியாது என்பதே குறை. நேர்மையாக வேலை செய்பவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பவரே அடுத்த முறையும் அந்த நேர்மையை எதிர்பார்க்கும் உரிமை பெறுகிறார்.

சட்டம் இதில் சிறிது உதவியிருக்கிறது. முன்பெல்லாம், கார் விற்ற நிறுவனத்தின் பணிமனையில்தான் எண்ணெய் மாற்ற வேண்டும், வெளியே மாற்றினால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை பரவலாக இருந்தது. 2017 டிசம்பரில், சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதன் பேரில், கார் முகவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க இசைந்தார்கள். வெளிப் பணிமனையின் வேலையால்தான் பழுது உண்டாயிற்று என்றால் மட்டும் உத்தரவாதத்தை மறுக்கலாம். வெளியே போனதையே குற்றமாகக் கொள்ள முடியாது. இதை அறியாத கார் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்றொரு நல்ல ஏற்பாடும் இங்கே உண்டு. மூன்றாண்டு நிறைந்த கார்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டில் தோன்றிய விக்கோம் போன்ற நிலையங்களில் பிரேக்கையும் புகையையும் விளக்குகளையும் சோதிப்பவர், கண்ட பழுதைத் தாமே சரிசெய்து காசு வாங்குவதில்லை. பார்ப்பவர் வேறு, பழுது நீக்குபவர் வேறு என்ற இந்தப் பிரிவினை, டார்பியும் கார்னியும் சுட்டிய நோய்க்கு நேரான மருந்து. ஆனால் எண்ணெய் மாற்றப்பட்டதா, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்பது அந்தப் பரிசோதனையின் எல்லைக்குள் வருவதில்லை. அங்கே நம் கண்ணே பரிசோதகர்.

இவ்வாய்ப்பும் நெடுங்காலம் நீடிக்கப் போவதில்லை. 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் மின்சாரம், கலப்பு எஞ்சின் போன்ற தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. கலப்பு எஞ்சினுக்கு எண்ணெய் உண்டு. முழு மின்சாரக் காருக்கு எஞ்சினும் இல்லை, எஞ்சின் எண்ணெயும் இல்லை. அதன் உயிர்நிலையாகிய மின்கலத் தொகுப்பின் நலம் கணினித் திரையில் தோன்றும் எண்களாகத்தான் தெரியவரும்; அத்திரையோ பெரும்பாலும் விற்றவரின் பணிமனையில் இருக்கும். வடிவதைக் கண்ணால் காணவும், பில்டரைக் கையில் வாங்கவும் அங்கே இடமிராது. ஆகவே நிலப் போக்குவரத்து ஆணையம் இப்போதே ஒன்று செய்ய வேண்டும்: பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு மின்சாரக் காரின் மின்கலத்திலும் எவ்வளவு திறன் மீந்திருக்கிறது என்பதை, காரை விற்றவருக்கோ பழுது நீக்குபவருக்கோ சம்பந்தமில்லாத பரிசோதனை நிலையமே அளந்து, எழுத்து மூலமாக உரிமையாளரின் கையில் கொடுக்கும்படி விதியாக்க வேண்டும்.