ஆளுக்கு 3 கஞ்சா செடி: ஜெர்மனியில் சட்டம் விட்டாச்சு... மண் விடுமா?

ஜெர்மனியில் 18 வயது நிரம்பிய ஒருவர், சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே 3 கஞ்சா செடிகள் வரை வளர்க்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இதுதான் அங்கே சட்டம். ஆனால் தொட்டியில் செடி வைத்தவருக்கு இப்போது வரும் தலைவலி போலீஸ் இல்லை, மஞ்சளாகும் இலை. சத்து போதவில்லை என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுவதும், அதனாலேயே செடி கருகுவதும் வீட்டு வளர்ப்பில் அடிக்கடி நடக்கும் தவறு. உண்மையில் என்னதான் பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். வளர்ப்பவர் குறைந்தது 6 மாதமாக ஜெர்மனியில் வசிப்பவராக இருக்க வேண்டும். செடி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. வளர்த்ததை விற்கக் கூடாது. நண்பருக்குச் சும்மா கொடுத்தாலும் தவறுதான்.

முக்கியமான விஷயம், கடையில் விற்க அனுமதி இல்லை. மருத்துவர் சீட்டை விட்டுவிட்டால், சட்டப்படி கஞ்சா கிடைக்க இரண்டே வழிதான். ஒன்று, அதிகபட்சம் 500 உறுப்பினர்கள் கொண்ட வளர்ப்பு சங்கம். இன்னொன்று, வீட்டுத் தொட்டி. கள்ளச்சந்தையை ஒடுக்குவதுதான் சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. தொட்டியில் செடி செத்துப்போனால் அந்த ஆள் பழைய வியாபாரியிடமே திரும்பப் போகலாம். மண் விவகாரம் இங்கேதான் அரசியலைத் தொடுகிறது.

இலை மஞ்சளானால் பசி என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. மண்ணின் கார அமில நிலையை பி.ஹெச். என்ற அளவால் சொல்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு புள்ளி மாறினால் 10 மடங்கு வித்தியாசம். மண்ணில் வளரும் கஞ்சா செடிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 வரை ஏற்றது. தேங்காய் நார்க் கழிவில் வளர்த்தால் இன்னும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த எல்லை தாண்டினால், சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பீரோ நிறைய அரிசி இருக்கு, சாவிதான் இல்லை என்ற கதை. காரம் கூடினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், பாஸ்பரஸ் கிடைக்காது. அமிலம் கூடினால் பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம் தட்டுப்படும். அப்போது மேலும் உரம் போடுவது, பூட்டிய பீரோவுக்கு வெளியே இன்னொரு மூட்டையை அடுக்குவது மாதிரி. தேங்கும் உப்பு வேரைத் தாக்கும், இலை நுனி கருகும்.

எந்த இலை முதலில் மஞ்சளாச்சு?

இதுதான் முதல் துப்பு. தழைச்சத்து குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை உறிஞ்சிப் புதுத் தளிருக்கு அனுப்பும். அதனால் கீழ் இலைகள் முழுசாக மஞ்சளாகும். கீழ் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. அதே நரம்புப் பச்சை மேலே உள்ள புதுத் தளிரில் தெரிந்தால் இரும்பு. இரும்பு செடிக்குள் இடம் மாறாது, அதனால்தான் தளிர் முதலில் காட்டிக்கொடுக்கிறது. இரும்புக் குறைவு என்றால் பெரும்பாலும் காரம் கூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரும் காரணமா?

ஆமாம். பெர்லின், மியூனிக் நகரங்களின் குழாய்த் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்புச் சத்து அதிகம். அதையே தினமும் ஊற்றினால் சின்னத் தொட்டியில் காரம் மெல்ல ஏறும். அங்குள்ள தோட்டக்காரர்கள் பீப்பாயில் மழைநீர் பிடித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் பையில் வரும் தொட்டி மண்ணிலும் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கான உரம் கலந்தே இருக்கும். முதல் நாளே உரம் போட்டால் அது இரட்டைச் சாப்பாடு.

எப்படிச் சரி செய்வது?

முதலில் அளக்கணும், பிறகு திருத்தணும், கடைசியில்தான் உரம். தொட்டியின் அடியில் வடியும் நீரையும் ஊற்றும் நீரையும் அளவிட்டு ஒப்பிட வேண்டும். அமிலம் கூடியிருந்தால் டோலமைட் சுண்ணாம்பு கைகொடுக்கும். காரம் கூடியிருந்தால் மழைநீர் அல்லது சிறிதளவு சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீர் உதவும். கந்தகத் தூளும் பலன் தரும்; ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற வாரக்கணக்கில் ஆகும். உரம் மிஞ்சியிருந்தால் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட வேண்டும். கெட்டுப்போன இலை மீண்டும் பச்சையாகாது. புதுத் தளிரைப் பார்த்துத்தான் பலனைச் சொல்ல முடியும்.

செடி மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. கஞ்சா செடி மண்ணிலுள்ள காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சக்கூடியது. மண்ணில் அமிலம் கூடினால் காட்மியம் வேருக்கு இன்னும் எளிதாகக் கிடைக்கும். வளர்ப்பு சங்கம் தரும் கஞ்சாவில் போதைப் பொருளான டி.ஹெச்.சி. எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு அப்படி ஒரு சோதனையும் இல்லை, சீட்டும் இல்லை. சட்டம் அனுமதித்ததாலேயே அது உடம்புக்குப் பாதுகாப்பானது ஆகிவிடாது.

சட்டம் நிலைக்குமா?

இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று சொல்லித்தான் சி.டி.யு. - சி.எஸ்.யு. அணி 2025 பிப்ரவரி தேர்தலைச் சந்தித்தது. பின்னர் எஸ்.பி.டி. கட்சியுடன் ஆட்சி அமைத்தபோது, ரத்து அல்ல, மதிப்பாய்வு என்று உடன்பாடு ஆனது. சட்டம் கள்ளச்சந்தையைக் குறைத்ததா என்பதும் அந்த விவாதத்தில் ஒரு முக்கியக் கேள்வி.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே கதையே வேறு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரே ஒரு கஞ்சா செடி வளர்த்தாலும் 10 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் அங்கே சட்டப்படி வளர்த்ததாகவே இருந்தாலும், ஊருக்குக் கொண்டுவந்தால் குற்றம்தான்.

மண் பாடம் மட்டும் மாடித்தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும். போர்வெல் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கறிவேப்பிலையின் தளிர் வெளுத்தால், வீட்டில் பெரியவர்கள் புளித்த மோரை ஊற்றுவார்கள். மோரின் அமிலம் வேரருகே காரத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கும். அதனால் அடுத்த முறை தளிர் வெளுத்தால் உரப் பையைப் பிரிக்கும் முன், தண்ணீரையும் மண்ணையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.